தீயோடு போராடுபவருக்குச் சோறு

திருப்பதிக்குப் போகிறவர்கள் எல்லோரும் சேஷாசலம் மலையைப் பார்க்கிறார்கள். செம்மரம் வளரும் மலை அது. 2010ஆம் ஆண்டு அரசு அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

மாசி, பங்குனி மாதங்களில் இந்தக் காட்டில் இலை உதிர்கிறது. தரை முழுவதும் சருகு. ஒரு பீடித் துண்டு போதும், மலை பற்றிக்கொள்ளும்.

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருமலையை ஒட்டிய காட்டில் பெரிய தீ பரவியது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து மேலிருந்து தண்ணீர் ஊற்றின. ஆனால் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் மட்டும் காட்டுத்தீ அணைந்துவிடாது. கீழே ஆள் நிற்க வேண்டும். பச்சைக் கொப்பால் தீயை அடிக்க வேண்டும். சருகை ஒதுக்கி, தீ தாண்டாதபடி வெறும் தரையாக ஒரு பாதை வெட்ட வேண்டும். காட்டுத்தீ எங்கே வந்தாலும் இந்த வேலையைச் செய்கிறவர்கள் வனத்துறை வாட்சர்கள், தீயணைப்பு வீரர்கள், கூப்பிட்டால் ஓடி வரும் ஊர்க்காரர்கள்.

இவர்களுக்கு யார் சோறு போடுவது? எப்போது போடுவது? என்ன போடுவது? சிறிய கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் சில சமயம் இதில் உயிரே இருக்கிறது.

எவ்வளவு சாப்பாடு வேண்டும்?

உணவு தரும் சக்தியைக் கலோரி என்று அளக்கிறார்கள். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அதன் கணக்குப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,110 கலோரி வேண்டும். கடுமையாக உடல் உழைப்பவருக்குச் சுமார் 3,470 கலோரி வேண்டும். அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். வெறும் டீயும் பன்னும் தின்றுவிட்டு மலை ஏறினால் உடம்பு என்ன செய்யும்?

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் இரண்டானாலும் சாப்பாடு ஒன்றுதான். கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், கீரை, கொள்ளு. தெலுங்கில் களியைச் சங்கடி என்பார்கள். கடையில் வாங்கும் சத்து மாவு எதுவும் வேண்டாம். நம் அடுப்படியிலேயே எல்லாம் இருக்கிறது.

கிளம்பும் முன்: களியும் கீரைக் குழம்பும். களி மெதுவாகச் செரிக்கும். நெடுநேரம் தாங்கும்.

வேலையின் நடுவே: கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்புப் போட்ட மோர். கையில் பிடித்து நின்றபடியே சாப்பிடலாம்.

திரும்பிய பிறகு: சோறு, பருப்பு அல்லது கொள்ளு ரசம், ஒரு முட்டை. களைத்த தசை தேற இவை உதவும்.

மேலே கட்டி அனுப்பும் சோறு புளிசோறாக இருக்கட்டும். வெயிலில் குழம்புச் சோறு சீக்கிரம் கெட்டுவிடும். காட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவரைக் கீழே கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். அங்கே மூன்று பேர் குறைந்துவிடுவார்கள்.

இன்னொன்றை மறக்கக் கூடாது. காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. தீயை அணைக்கப் போனவர்களே புதுத் தீ வைத்ததாக ஆகிவிடும். அடிவார ஊரிலேயே சமைத்து மேலே அனுப்ப வேண்டும். மகளிர் குழுக்கள் இதை நன்றாகச் செய்யலாம்.

முதலில் தண்ணீர்

தீயின் பக்கத்தில் வேலை செய்யும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் வேர்வையாகப் போகலாம். வேர்வை உப்புக் கரிக்கும் அல்லவா? தண்ணீரோடு உப்பும் போகிறது. அதனால்தான் மோரில் உப்பு.

இப்படி நினைத்துப் பாருங்கள். மலைச் சரிவில் பத்துப் பேர் தீயை அடிக்கிறார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு வயதான வாட்சர். அவர் தண்ணீர்க் கேனோடு ஒரு இளைஞனிடம் வருகிறார்.

"இந்தா தம்பி, குடி."

"தாகமே இல்லண்ணா. இதை அடிச்சிட்டு வரேன்."

"தாகம் எடுத்தப்புறம் குடிச்சா அது தாமதம்ப்பா. நானும் குடிக்கிறேன் பாரு. நீயும் குடி."

அவர் முதலில் குடிக்கிறார். பிறகு இளைஞன் குடிக்கிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் குடிக்கிறார்கள். தாகம் என்று சொல்ல வெட்கப்பட்டவனும் குடிக்கிறான்.

கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இதுதான் கணக்கு. ஒரேயடியாகக் குடிக்கக் கூடாது. சிறுநீர் நல்ல மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்ப நோய். உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

சேர்ந்து சாப்பிடும் குழு

நல்ல தலைவர் சத்தமாகக் கட்டளை போடுகிறவர் மட்டும்தானா? இல்லை.

அமெரிக்காவில் பல தீயணைப்பு நிலையங்களில் சமையலறை உண்டு. வீரர்களே முறை வைத்துச் சமைக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சேர்ந்து சாப்பிடும் குழுக்களில் வேலையும் நன்றாக நடக்கிறது என்று அவர்கள் கண்டார்கள்.

அதே நாட்டில் 1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி ஒரு துயரம் நடந்தது. மொன்டானா என்ற மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் காட்டுத்தீ. அணைக்கப் போனவர்களைத் தீ துரத்தியது. குழுத் தலைவர் ஒரு தந்திரம் செய்தார். தன் எதிரே இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். எரிந்து முடிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இல்லை அல்லவா? அந்தச் சாம்பலில் படுக்கும்படி எல்லோரையும் அழைத்தார். யாரும் வரவில்லை. அவர் செய்தது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களில் பலர் அவரோடு அதிகம் பழகாதவர்கள். ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். சாம்பலில் படுத்த தலைவர் பிழைத்தார். ஓடியவர்களில் இரண்டு பேர் மட்டும் பிழைத்தார்கள்.

தீ சுற்றி வளைக்கும்போது விளக்கிச் சொல்ல நேரம் கிடையாது. அப்போது நம்பிக்கைதான் பேசும். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வராது. ஒரே சட்டியில் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வளர வேண்டும்.

ஆகவே நல்ல தலைவர் தண்ணீரை முதலில் குடிப்பார். மற்றவர்களும் குடிக்க வேண்டும் என்பதற்காக. சோற்றைக் கடைசியில் சாப்பிடுவார். எல்லோருக்கும் கிடைத்ததா என்று பார்ப்பதற்காக. போகும்போது தலை எண்ணுவார். திரும்பும்போதும் எண்ணுவார்.

நினைவில் வையுங்கள்

தீ விபத்துக்கு 101. ஆம்புலன்சுக்கு 108. எல்லா அவசரத்துக்கும் 112.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரை ஒட்டிய காட்டிலோ வைக்கோல் போரிலோ தீப்பிடித்தால் முதலில் யார் ஓடி வருவார்கள்? அவர்களுக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்?

2. உங்கள் வீட்டில் கடைசியில் சாப்பிடுகிறவர் யார்? அவருக்குப் போதுமான சோறு மிச்சம் இருக்கிறதா?

எழுதிப் பாருங்கள்

பத்துப் பேர் மலைக்குக் கிளம்புகிறார்கள். ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? அதை யார் யார் சுமப்பது என்றும் எழுதுங்கள்.