மாதக் கணக்கு தவறினால்
சினைப்பை நீர்க்கட்டி நோயின் குறிகளும் பிற்காலத் தீங்குகளும்

அங்கத்தினர் ஒருவர் தொடர்ந்து தவணை தவறினால் சங்கம் வாளாவிருப்பதில்லை, காரணம் கேட்கிறது. ஆனால் வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வாராதிருப்பினும், “கலியாணமானால் சரியாய்விடும்” என்று பலர் இருந்து விடுகின்றனர். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தறியையும் கழனியையும் நம்பி வாழும் நம் குடும்பங்கள் இவ்வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும்.

இந்நோயை 1935-ஆம் ஆண்டு சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டைன், லெவென்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்தனர். நீர்க்கட்டி என்பது பெயரளவேயாம். முதிராது நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகளே அவ்வாறு தோன்றுகின்றன. பிள்ளைப்பேற்றுப் பருவத்துப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை அதனை அறியாதிருக்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நோய் உண்டாகும் விதம்: பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. ஆகவே இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. அம்மிகுதி சினைப்பையைத் தூண்டி, ஆண்மைச் சுரப்பைப் பெருக்குகிறது. அதனால் சினைமுட்டை முதிர்வது தடைப்பட்டு, மாதவிடாய் பிறழ்கிறது.

குறிகள்: பூப்பெய்தி மூன்றாண்டு கடந்தபின், 35 நாட்களுக்கு மேல் இடைவெளி நேர்தலும், ஆண்டிற்கு எட்டு முறைக்குக் குறைவாக மாதவிடாய் வருதலும் முதற்குறி. முகத்திலும் மார்பிலும் தடித்த உரோமம், தீராத முகப்பரு, உச்சியில் முடி உதிர்தல் ஆகியன இரண்டாவது. ஸ்கேனில் காணும் சினைப்பை மாற்றம் மூன்றாவது. வளர்ந்த பெண்களுக்கு இம்மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு முதலிய பிற நோய்கள் இல்லையெனத் தெளிந்தால், இந்நோய் எனத் துணியலாம். பிடரியில் கருமையாய்த் தடித்த தோல், இன்சுலின் கோளாற்றின் அடையாளம். உடல் பருத்தவர்க்கே இந்நோய் வரும் என்பது தவறு, மெலிந்தவர்க்கும் வரும்.

பிற்காலத் தீங்குகள்: நீரிழிவு, கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், மனச்சோர்வு ஆகியன இவர்களுக்கு நேரும் வாய்ப்பு மிகுதி. மாதவிடாய் பன்மாதம் வாராது நிற்பின், கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. நாளடைவில் அங்குப் புற்று தோன்றவும் கூடும். அப்புற்று அரிதே, ஆயினும் தகுந்த மருந்தால் தடுக்கத்தக்கது. எனவே குழந்தை பிறந்துவிட்டது என்பதால் நோய் தீர்ந்ததாகக் கருதலாகாது.

செய்ய வேண்டுவன: பெண்கள் மாதவிடாய்த் தேதியைக் குறித்து வருதல் வேண்டும். 90 நாள் கடந்தால் உடனே மருத்துவரைக் காண்க. திண்டிவனம் அரசு மருத்துவமனையையோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடலாம். நோய் உறுதியானோர் ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும், ஒன்று முதல் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரையும் பரிசோதித்துக் கொள்க. தார் சுற்றும் பெண்டிர் நாள் முழுதும் அமர்ந்தே உழைப்பதால், வாரம் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நன்று. பருமனானவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலும் பயன் தெரியும்.

மணப்பேச்சுக்கு அஞ்சி நோயை மறைப்பது பெண்ணுக்குத் துணையாகாது. தாயும் தந்தையும் கேட்டறிந்து, காலத்தில் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அவளுக்குச் சேர்த்து வைக்கும் மெய்யான சேமிப்பாகும்.