பல மெயில் முகவரி, ஒரே புரோகிராம்

பழவேற்காடு ஏரிப் பகுதியில், எங்கள் ஆரம்பாக்கத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "வேலைக்கு ஒரு மெயில், வங்கிக்கு ஒரு மெயில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்க வேண்டுமா?"

வேண்டாம். மொசில்லா தண்டர்பேர்ட் போதும். இதன் 1.0 பதிப்பு 2004-ல் வெளிவந்தது, இன்றும் இலவசம்தான்.

1. தண்டர்பேர்டை நிறுவி, அக்கவுண்ட் செட்டிங்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். புதிய மெயில் அக்கவுண்ட் சேர்க்கும் வசதியைக் கிளிக் செய்து, பெயரையும் மெயில் முகவரியையும் கொடுங்கள்.

2. ஐமேப், பாப் என இரு வழிகள் காட்டப்பட்டால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் முக்கியம். பாப் முறையில் கடிதங்கள் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கும். செட்டிங்கைப் பொறுத்து சர்வரிலிருந்து அழிந்தும் விடும். பிறகு ஹார்ட் டிஸ்க் பழுதானால் கடிதங்களும் போய்விடும். ஐமேப்பில் அவை சர்வரிலேயே இருக்கும், செல்போனிலும் பார்க்கலாம்.

3. ஜிமெயில் என்றால் கூகுளின் லாக்-இன் விண்டோ திறக்கும். அதில் பாஸ்வேர்டைக் கொடுத்து அனுமதியுங்கள். அடுத்த முகவரியையும் இப்படியே சேருங்கள்.

4. ஃபோல்டர் பகுதியில் யூனிஃபைட் ஃபோல்டர்ஸைத் தேர்ந்தெடுத்தால் எல்லா இன்பாக்ஸும் ஒன்றாகத் தெரியும்.

ஏற்கெனவே இறங்கிய கடிதங்களை இன்டர்நெட் இல்லாதபோதும் படிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஐமேப்பில் இங்கே அழிக்கும் கடிதம் சர்வரிலும் அழியும். எனவே முக்கியமான கடிதங்களை லோக்கல் ஃபோல்டர்ஸில் காப்பி எடுத்து வையுங்கள். அடுத்து, 'சென்ட்' அழுத்தும் முன் 'ஃப்ரம்' கட்டத்தைப் பாருங்கள். வேலை விண்ணப்பம் வேறு முகவரியிலிருந்து போனால், பதிலும் அங்கேதான் வரும்!