கருவிக்கு உரை எழுதுதல்: நன்னூல் வழியே ஒரு நோக்கு

முன்னுரை

மூல நூல் ஒன்று, அதற்கு உரை ஒன்று என்பது தமிழின் நெடிய மரபு. நூலாசிரியர் சுருங்கச் சொன்னதை உரையாசிரியர் விளங்கச் சொல்வார். அவ்வுரையைப் படிப்பவர் மனிதரே என்பதில் அன்று ஐயம் இருந்ததில்லை. இன்று அந்நிலை மாறியுள்ளது. மென்பொருட் கருவிகளுக்கு எழுதப்படும் விளக்க ஆவணங்களைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் படித்து, அவற்றின்படி செயலாற்றத் தொடங்கியுள்ளன. அத்தகைய ஆவணம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை, தமிழகத்தோடு தொடர்புடைய விற்பனை மென்பொருள் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கருவியும் முகவரும்

1996ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பெற்று, 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனம், 2005இல் ஜோஹோ சி.ஆர்.எம். என்ற விற்பனை மென்பொருளை வெளியிட்டது. வாங்க விழைவோர், வாடிக்கையாளர், பேரம் ஆகியோர் பற்றியும் ஆகியவை பற்றியும் உள்ள விவரங்களை அது தனித்தனி ஏடுகள்போல் பேணுகிறது. மனிதர் திரையில் தட்டச்சு செய்து பதிவதைப் பிறிதொரு மென்பொருள் நேரே செய்தற்குரிய வாயிலே ஏ.பி.ஐ. எனப்படுவது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் நெறிமுறை, இத்தகைய வாயில்களை முகவர்களுக்கு ஒரே வகையில் அறிமுகம் செய்ய வழிவகுத்தது. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டின் அமைப்பு ஆகியவை அதில் எழுத்தாகத் தரப்படுகின்றன. கருவியை முகவர் அறிவது பெரும்பாலும் அவ்வெழுத்தின் வாயிலாகவே எனலாம்.

குன்றக் கூறல்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்துள்ளார். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். காணைக் கடைத்தெருவில் உழவர்களுக்கு மின்மோட்டார் விற்கும் கடையொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மு. இப்ராகீம், ச. முருகன் என வாடிக்கையாளர் பெயர்கள் வருகின்றன. மேற்கூறிய மென்பொருளில் 'லாஸ்ட் நேம்' என்ற புலம் கட்டாயமானது. அது வெற்றாயின் பதிவு ஏற்கப்படாது, பிழைக் குறியீடே திரும்ப வரும். நமக்கோ குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. முன்னெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. ஆவணம் இதற்கு வழி கூறாவிடின், முகவர் தந்தையின் பெயரை அப்புலத்தில் இட்டு நிரப்பக்கூடும். பதிவு பிழையின்றி முடிந்ததாகத் தோன்றும். ஆனால் நினைவூட்டுக் கடிதம் மறைந்த தந்தையின் பெயருக்குச் சென்று சேரும். "தமிழ்ப் பெயராயின் இயற்பெயரை இப்புலத்தில் இடுக, முன்னெழுத்தைத் தனியே இடுக" என்ற ஒரு வரி இதனைத் தவிர்க்கும்.

மயங்க வைத்தல்

5/6 என்ற தேதி நமக்கு சூன் 5. அமெரிக்கருக்கு மே 6. எனவே ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை எடுத்துக்காட்டோடு கூறல் வேண்டும். 'ஒன்றரை இலட்சம்' என்பதை 150000 என எண்ணால் இடுமாறு பணித்தல் வேண்டும். மற்றொரு மயக்கமும் உண்டு. பதிவை அனுப்பிய பின் மறுமொழி வரத் தாமதமானால் முகவர் மீண்டும் அனுப்பலாம். ஒருவரே இருவராகப் பதிவாக இடமுண்டு. இருப்பின் திருத்து, இல்லையேல் சேர் என்னும் 'அப்செர்ட்' முறை இதற்கெனவே உள்ளது. எவ்விடத்து எம்முறையைக் கையாள்வது, எப்புலத்தைக் கொண்டு ஒருவரை அடையாளம் காண்பது என்பவற்றை ஆவணமே உரைத்தல் வேண்டும். பெயரைக் கொண்டு அடையாளம் கண்டால் ஊரிலுள்ள இரண்டு இப்ராகீம்கள் ஒருவராகிவிடுவர். கைப்பேசி எண்ணைக் கொள்வதே தக்கது.

மிகைபடக் கூறல்

குறைவு குற்றமாவது போன்றே மிகையும் குற்றமாகும். முகவர் ஒரு வேளையில் கவனத்தில் கொள்ளும் எழுத்திற்கு எல்லையுண்டு. பயனற்ற விளக்கம் அவ்விடத்தை அடைத்துக்கொள்வதோடு, ஒத்த பெயருடைய கருவிகளுள் தவறானதைத் தேர்ந்தெடுக்கவும் ஏதுவாகும்.

எழுதுவோனின் பொறுப்பு

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுதி வைக்குமாறும், எழுதுவோன் நீதியோடு எழுதுமாறும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்படையாதிருக்குமாறும் அது பணிக்கிறது. ஏட்டில் எழுதிய கணக்கிற்கும் இயந்திரம் எழுதும் கணக்கிற்கும் இப்பொறுப்பு ஒன்றே. பதிவை அழித்தல், தொகையை மாற்றுதல் போன்ற செயல்களுக்கு உரியவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே இயங்குமாறு ஆவணம் தெளிவுறக் கூறல் வேண்டும். கூற்று மட்டும் காவலாகாது. முகவருக்கு வழங்கும் அனுமதியையும் அதற்கேற்ப அளவாகவே வழங்குதல் வேண்டும்.

முடிவுரை

மனித வாசகர் ஆவணத்தின் குறையைத் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். முகவர் அதனை ஊகத்தால் நிரப்பும். அவ்வூகம் யாரோ ஒருவரின் கணக்கில் கடனாக ஏறும். ஆகவே இப்பணி கணினித் துறையினருக்கு மட்டும் உரியதன்று. கருவியைப் பொறியாளர் செய்யலாம். 'பெயர்' என்னும் புலத்திற்கு உரை எழுத, காணைக் கடையில் மக்கள் தம் பெயரை எவ்வாறு சொல்கின்றனர் என்பதை அறிந்தவர் வேண்டும். நன்னூல் பயின்ற தமிழ் மாணவர்க்கு அவ்விடத்தில் வேலை காத்திருக்கிறது.