செங்காந்தள்

மழைக்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்து, தீக்கொழுந்து போலப் பூத்து நிற்கும் கொடி காந்தள். அதன் தண்டு மெலிந்தது. தானே நிமிர்ந்து நிற்கும் வலிவு அதற்கில்லை. ஆயினும் இலையின் நுனி சுருண்ட கம்பிபோல நீண்டு, அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொள்ளும். அப்பற்றுதலாலேயே கொடி மேலேறும். பூவின் இதழ்கள் ஆறு. விளிம்பு அலையலையாய் நெளிந்தவை. அவை முதலிற் பசுமையாய்த் தோன்றிப் பின் மஞ்சளாகி, முடிவில் முழுதும் சிவக்கும். பூ தலைகவிழ்ந்து தொங்க, இதழ்களோ பின்னோக்கி மடங்கி வானை நோக்கும்.

பண்டைப் புலவர் இப்பூவினை மகளிர் விரலுக்கும், படம் விரித்த பாம்புக்கும் உவமையாகக் கூறினர். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறப் புகுந்த கபிலர், காந்தளையே முதலில் வைத்தார். வேலன் வெறியாடலைக் குறிக்கும் துறைக்குத் தொல்காப்பியர் காந்தள் என்றே பெயரிட்டார். குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தலைவனது மலையிலிருந்து காலையில் ஆற்றுநீரோடு வந்த காந்தளை இலை குழையத் தழுவினாள். அதனை இல்லத்திற்குக் கொண்டுசென்று நட்டாள். தாயும் தடுத்திலள். தலைவியின் உள்ளத்தைக் காட்டவந்த அப்பாட்டில் கிழங்கின் நஞ்சைப் பற்றிய பேச்சு இல்லை; அங்கு அதற்கு இடமுமில்லை.

ஆனால் நஞ்சு உண்டு. கொடியின் எல்லா உறுப்புகளிலும் உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருத்தலின், மக்கள் அதனைக் கலப்பைக்கிழங்கு என்பர். வடமொழியாளர் இட்ட இலாங்கலி என்னும் பெயருக்கும் கலப்பையே அடிப்படை. பூவை உற்று நோக்கினால் கண் நோகும் என்று கருதிக் கண்வலிப்பூ என்று அழைப்பாரும் உளர். அக்கருத்துக்கு ஆதாரமில்லை, எனினும் சிறுவரைக் கொடியினின்று விலக்கிவைக்க அது உதவியிருக்கலாம்.

இந்நாட்டு மருத்துவர் இதன் கொடுமையை அறிந்தே கையாண்டனர். ஆயுர்வேத நூலார் இதனை உபவிடங்களுள் ஒன்றாக எண்ணி, தூய்மை செய்யாமல் வழங்கலாகாது என்று விதித்தனர். தேள் கொட்டிய இடத்தில் கிழங்கை அரைத்துப் பூசினர். மகப்பேறு தாமதித்தபொழுது அவ்வரைப்பைத் தாயின் உள்ளங்காலில் தடவுவதும் வழக்கமாயிருந்தது. கருவைச் சிதைப்பதற்காக உட்கொண்டு உயிரிழந்தவரும் உளர்.

இதன் நஞ்சிற்குக் கொல்சிசின் என்பது பெயர். அப்பெயர் கருங்கடற் கரையிலிருந்த கொல்கிசு நாட்டின் பெயரால் வந்தது. காந்தளின் உறவான வேறொரு செடிக்கு அந்நாட்டின் பெயர் வழங்கியது. கால் பெருவிரல் மூட்டு வீங்கி, ஆடை பட்டாலும் துடிக்கச் செய்யும் கீல்வாத நோய்க்கு அச்செடியின் கிழங்கை ஆறாம் நூற்றாண்டிலேயே திரால்லசு நகரத்து அலெக்சாந்தர் என்னும் கிரேக்க மருத்துவர் வழங்கினார். 1820-ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியலார் இருவர் அச்செடியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதே பொருள் காந்தட் கிழங்கிலும் உண்டு என்பது 1915-இல் வெளிப்பட்டது. வெகு தொலைவில் வளர்ந்த இரு செடிகள் ஒரே நஞ்சைத் தாங்கியிருந்தன.

உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றும். கொல்சிசின் அவ்விழைகள் உருவாகாதபடி தடுக்கும். கீல்வாதத்தில் மூட்டை நோக்கி விரையும் வெள்ளணுக்களின் இயக்கத்தை அது தளர்த்துவதால் வீக்கம் தணிகிறது. அளவு மிகுந்தாலோ, இடையறாது புதுப்பிக்கப்படும் குடலும் எலும்பு மச்சையும் முதலிற் கெடுகின்றன. தொண்டை எரியும், வாந்தியும் பேதியும் வரும், சில நாளில் குருதியணுக்கள் குறையும், பிழைத்தவர்க்கும் தலைமயிர் உதிரும். மாத்திரை ஒன்றில் உள்ள அளவு ஏறத்தாழ அரை மில்லிகிராமே. ஏழு மில்லிகிராம் உட்கொண்டு மாண்டவரும் உண்டென்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மருந்துக்கும் மரணத்திற்கும் இடைவெளி இத்துணைச் சிறியது!

இலங்கையில் இக்கிழங்கை வள்ளிக்கிழங்கென்று மயங்கி வேகவைத்து உண்டோர் மாண்டதுண்டு. வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. இதற்கெனத் தனி மாற்று மருந்தும் வழக்கில் இல்லை.

தமிழ்நாடு அரசு செங்காந்தளை மாநில மலராகக் கொண்டுள்ளது. திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களிலும் வேதாரணியப் பகுதியிலும் உழவர் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். விதை மருந்துச் சாலைகளுக்குச் செல்கிறது. ஆடி வாக்கில் கிழங்கை நட்டுக் கம்பிப் பந்தலில் கொடியேற்றுவர். பூவின் சூல்தண்டு ஒருபுறமாக மடிந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், தானாகக் காய்ப்பது குறைவு. ஆகவே பூத்த காலையில் ஆடவரும் பெண்டிரும் வரிசைவரிசையாகச் சென்று, மகரந்தத்தை எடுத்து ஒவ்வொரு பூவின் சூல்முடியிலும் கையால் ஒற்றுவர். ஒற்றிய பூ காய்க்கும். விடுபட்டவற்றுட் பல வீணே உதிரும்.