நெருப்பில்லாமலும் புகையும்: வதந்தி பற்றிய ஆங்கிலச் சொற்கள்

இந்த மாத ஆங்கிலப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வதந்தி. இந்தச் சொற்கள் பரீட்சைக்கு மட்டும் இல்லை, கையில் இருக்கிற போனுக்கும் தேவை. எங்க பாலிக் புலாவில் டுரியான் சீசன் வந்தால் போதும், "இந்த வருசம் விலை பாதியாம்" என்று நாலு வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும். யார் சொன்னதுன்னு கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த 'ஆம்' என்ற ஒட்டுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் இருக்கு.

முதலில் நான்கு சொற்கள்

1. காசிப்: அடுத்தவர் சொந்த விசயத்தைப் பேசும் ஊர்ப்பேச்சு, புறணி. உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் நமக்குத் தேவையில்லாதது.

2. ரூமர்: உண்மையா பொய்யா என்று உறுதியாகாத செய்தி, வதந்தி. மலாயில் 'காபார் அங்கின்', அதாவது காற்றுச் செய்தி.

3. ஹியர்சே: "அவர் பார்த்தாராம்" என்று இன்னொருவர் சொல்லிக் கேட்டது. நீதிமன்றத்தில் பொதுவாக இதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள்.

4. ஹோக்ஸ்: பொய் என்று தெரிந்தே கட்டிவிட்ட கதை.

அடுத்து மரபுத்தொடர்கள்

'த்ரூ த கிரேப்வைன்' என்றால் வாய்வழியாக, காற்றுவாக்கில் கேள்விப்பட்டது. அமெரிக்காவில் தந்தி வந்த காலத்தில், தந்திக் கம்பி இல்லாமல் ஆள் மாற்றி ஆள் வந்த செய்தியைத் 'திராட்சைக்கொடித் தந்தி' என்று கிண்டலாகச் சொன்னார்கள்.

'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ஸஸ் மவுத்' இதற்கு நேர் எதிர். சம்பந்தப்பட்டவரே சொன்ன செய்தி. குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த தொடர்.

'டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்' என்றால் அப்படியே விழுங்காதே, கொஞ்சம் சந்தேகத்தோடு கேள்.

'சைனீஸ் விஸ்பர்ஸ்' என்பது காதோடு காதாகச் சொல்லும் விளையாட்டு. கடைசி ஆளிடம் போகும்போது சொல்லே மாறியிருக்கும். நான் பொறியியல் படிப்பதால் ஓர் உதாரணம் சொல்றேன். பழைய அனலாக் தொலைபேசிக் கம்பியில் குரல் தேய்ந்துவிடாமல் இருக்க, வழியில் ஆம்ப்ளிஃபையர் வைப்பார்கள். அது குரலை மட்டும் பெருக்காது, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஃபார்வர்டு பட்டனும் அதே வேலையைத்தான் செய்கிறது.

'நோ ஸ்மோக் விதவுட் ஃபயர்': நம்ம 'நெருப்பில்லாமல் புகையுமா'தான். நான் சொன்னதிலேயே ஆபத்தான தொடர் இதுதான். ஏன் என்று சொல்றேன்.

அத்திமூரில் நடந்தது

2018 மே 9. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம் அத்திமூர். சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர் உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனார். கூட வந்தவர்களில் இருவர் மலேசியாவிலிருந்து போனவர்கள். வழியில் பிள்ளைகளைப் பார்த்து அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். அந்த நேரத்தில் அந்த வட்டாரத்தில் 'பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கு' என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். கூட இருந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கும் பிள்ளைக் கடத்தலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கொஞ்சம் யோசிங்க. குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போகும்போது சாக்லேட் வாங்கிப் போகாத மலேசிய வீடு எது? அங்கே நெருப்பே இல்லை, வெறும் புகைதான். அந்தப் புகையே ஓர் உயிரை எடுத்தது.

இந்தியாவில் இப்படிப் பல ஊர்களில் உயிர்கள் போன பிறகு, அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் அங்கே ஃபார்வர்டை ஒரு தடவைக்கு ஐந்தாகக் குறைப்பதாக அறிவித்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுக்க வந்தது. ஆனால் ஐந்து பேருக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வது நாம்தான்.

அதற்கு உதவும் சொற்கள்

செய்தியில் 'அலெஜ்ட்' என்று வந்தால் குற்றச்சாட்டு மட்டுமே, நிரூபிக்கப்படவில்லை. 'அன்கன்ஃபர்ம்ட்' என்றால் உறுதியாகவில்லை. 'வெரிஃபை' என்றால் சரிபார். 'டிபங்க்' என்றால் பொய் என்று நிரூபித்துக் காட்டு. நம் நாட்டில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' தளத்தில் சந்தேகமான செய்திகளைத் தேடிப் பார்க்கலாம். ஆபத்து என்று தோன்றினால் 999-க்குக் கூப்பிடுங்க. குரூப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்யைத் தேடுவதே அறிவு என்று வள்ளுவர் சொன்னதும் இதைத்தான்.

பயிற்சி: பொருத்தமான சொல் எது?

1. திருவிழா தேதி மாறியதைக் கோயில் தலைவரே நேரில் சொன்னார்.

2. நாளை பள்ளி விடுமுறை என்று தன் தோழி சொன்னதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

3. 'இலவச பெட்ரோல், இந்த லிங்க்கை அழுத்துங்க' என்று ஒருவன் தெரிந்தே பொய் பரப்பினான்.

4. 'பள்ளிக்கூடம் பக்கம் தெரியாத கார் நிற்குது. பிள்ளை பிடிக்கிறவங்க. எல்லாருக்கும் அனுப்புங்க!'

விடை: 1. ஹார்ஸஸ் மவுத். 2. ஹியர்சே. 3. ஹோக்ஸ். நான்காவதற்குச் சொல்லைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது உங்க போனுக்கு வந்தால் என்ன செய்வீங்க என்பதையும் எழுதிக் கொண்டு வாங்க. அடுத்த வகுப்பில் பேசுவோம்.