தமக்குரிய தொண்டைத் தேர்ந்த இருவர்

மானிடப் பிறவி எய்தியவன் எதனைச் செய்து தன் வாழ்நாளைக் கழித்தல் வேண்டும் என்னும் வினா இன்று நேற்றுப் பிறந்ததன்று. பாண்டியன் வல்லபதேவனின் உறக்கத்தையே அது கெடுத்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். ஓர் இரவு நகர்சோதனைக்குச் சென்ற மன்னன், திண்ணையொன்றில் படுத்திருந்த வேதியர் ஒருவரை எழுப்பி, நல்வார்த்தை ஒன்று சொல்லுமாறு வேண்டினான். மழைக்காலத்திற்கு வேண்டியதை மற்றை எட்டுத் திங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்க என்னும் கருத்தமைந்த வடமொழிச் சுலோகம் ஒன்றை அவர் மொழிந்தார். முதல் மூன்றிற்கும் அரசனிடம் குறைவேதுமில்லை. நான்காவதற்கு அவன் செய்து வைத்திருந்தது யாது? புரோகிதரான செல்வநம்பியின் யோசனைப்படி, பரம்பொருளை நிலைநாட்டுவோர்க்கு உரியதென மதுரையில் பொற்கிழி ஒன்று கட்டப்பெற்றது.

அவ்வினாவிற்கு விடை கூற எம்பெருமான் தெரிந்தெடுத்தவர் கல்வியில் வல்ல பெரும்புலவர் அல்லர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூந்தோட்டம் பேணிவந்த விஷ்ணுசித்தர். கடையநல்லூர் அன்பர்கட்கு அவ்வூர் அயலூர் அன்று. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, இராசபாளையம் என வடக்கு நோக்கிச் செல்லும் அதே மலையடிவாரச் சாலையில் அமைந்ததே அது. செங்கோட்டை இருப்புப் பாதையும் இரண்டு ஊர்களையும் இணைக்கின்றது. அவர் காலம் 9ஆம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை.

விஷ்ணுசித்தர் தம் தொண்டைத் தேர்ந்த முறை கருதத்தக்கது. எம்பெருமானுக்கு அடிமை செய்வதே பிறவிப்பயன் என்பதில் அவர்க்கு ஐயமில்லை. எவ்வடிமை செய்வது என்பதே வினா. தமக்கு எது எளிது, எது புகழ் தரும் என்று அவர் எண்ணவில்லை. அவன் எதனை உகந்தான் என்று தேடினார். வடமதுரையில் கம்சனது வேள்விக்குச் செல்லும் வழியில், கண்ணன் மாலாகாரர் மனைக்குத் தானே வலியச் சென்று பூமாலை பெற்றுச் சூடினான் என்னும் வரலாறு அவர் நெஞ்சில் நின்றது. அன்று முதல் நந்தவனமே அவர் வாழ்வாயிற்று. மண்ணைக் கொத்துதல், நீரிறைத்தல், புலருமுன் பூக்கொய்தல், திருமாலை கட்டுதல் என்று நாட்கள் சென்றன.

மதுரைக்குச் செல்லுமாறு பெருமான் கனவில் பணித்தபோது அவர் தயங்கினார். மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய தம் கையைக் காட்டி, இக்கையுடையவனா வேதப்பொருள் உரைத்துக் கிழி அறுப்பவன் என்று வினவியதாகப் பெரியோர் பணிப்பர். உபந்நியாசங்களில் யானைமேல் ஊர்வலம் வந்ததும், கருடாரூடனாய்த் தோன்றிய பெருமானுக்குக் கண்ணெச்சில் படுமோ என்று அஞ்சித் திருப்பல்லாண்டு அருளியதும் விரித்துரைக்கப்படும். தழும்பு ஒரு வாக்கியத்தில் கடந்து போகும். எனினும் அவ்வரலாற்றின் உயிர்நிலை அத்தழும்பே எனலாம். ஏனெனில், பரிசு பெற்ற பின் அவர் அரசவைப் புலவராகிவிடவில்லை. பொருளைத் தம் பெருமானுக்கே ஆக்கி, மீண்டும் நந்தவனத்திற்கே வந்தார். திருத்துழாயின் அடியில் கோதையைக் கண்டெடுத்ததும் அங்கேதான்.

இங்கு ஒரு கருத்தைத் தெளிவாக்குதல் வேண்டும். தொழிலே தெய்வம் என்று உலகோர் கூறுவர். வைணவப் பெரியோர் கொள்கை அதனின் சற்று வேறுபட்டது. பிள்ளை லோகாசாரியரின் அர்த்தபஞ்சகம், ஒருவன் அறிய வேண்டிய பொருள்களை ஐந்தாக வகுக்கின்றது: உயிரின் இயல்பு, இறைவன் இயல்பு, அடைய வேண்டிய பேறு, அதற்கு வழி, இடையே நிற்கும் தடை. இவற்றுள் ‘நான் என்ன செய்வேன்’ என்பதற்கு முன்பே ‘நான் யாருக்கு உரியவன்’ என்பது நிற்கின்றது. உரிமை தெளிந்தால் வேலை கைங்கர்யமாகும். தெளியாவிடில் பூக்கட்டுவதும் வெறுங்கூலி வேலையே. ஒருவேளை அதனினும் தாழ்ந்த செருக்காகவும் முடியும்.

செருக்காக முடியும் என்பதற்கும் நம் சம்பிரதாயமே சான்று தருகின்றது. திருவரங்கத்தில் எம்பெருமானார் இராமாநுசர் (1017–1137) திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்கையில், திருவேங்கடத்திற்குரிய பூத்தொண்டு பற்றிய பாசுரம் வந்தது. அங்குச் சென்று தங்கி அத்தொண்டைச் செய்வார் உண்டோ என்று கோஷ்டியை வினவினார். மலைக்குளிரும் ஆசாரியனைப் பிரிதலும் நினைந்து பலர் வாளாவிருக்க, அனந்தாழ்வான் எழுந்தார். திருமலையில் அவர் அமைத்த தோட்டம் இராமாநுசர் திருப்பெயராலேயே விளங்கிற்று.

அத்தோட்டத்திற்கு நீர் வேண்டி ஏரி வெட்டுகையில், அவர் வெட்ட, கருவுற்றிருந்த தேவியார் மண் சுமந்தார். சிறுவன் ஒருவன் வந்து தானும் சுமப்பதாகக் கூறினான். அனந்தாழ்வான் மறுத்தார், ஆசாரியன் இட்ட பணியில் பிறர்க்குப் பங்கு கொடுக்க அவர் மனம் இசையவில்லை. அவரறியாமல் சிறுவன் தேவியாரிடம் கூடையை வாங்கிச் சுமந்ததைக் கண்டதும், சினந்து கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது அவன் மோவாயில் பட்டது. பின்னர்ச் சந்நிதியில் பெருமான் திருமோவாயில் குருதி கசியக் கண்டு நடுங்கிப் பச்சைக் கற்பூரம் அப்பினார் என்பர். திருமோவாயில் கற்பூரம் சாத்துவது இன்றும் வழக்கம்; அக்கடப்பாரையும் பெருவாயிலில் தொங்குகின்றது.

இக்கதையை அடியவரின் உறுதிக்குச் சான்றாக மட்டும் கூறுவது போதாது. தொண்டைத் தேர்ந்தவர், அதனைத் தமதாக எண்ணிய அக்கணமே, யாருக்காகச் செய்தாரோ அவரையே அடித்துவிட்டார். கோயில் பணிகளில் பல்லாண்டு ஈடுபட்டோர்க்கு இத்தடை எத்துணை அருகிலுள்ளது என்பது தெரிந்ததே.

ஆயினும் அவர் பற்றிய மற்றொரு வரலாறும் உண்டு. மாலை தொடுத்துக்கொண்டிருந்தபோது சந்நிதிக்கு வருமாறு பெருமான் அழைத்தார். மாலை முடியுமளவும் அவர் எழவில்லை. தாமதத்திற்குக் காரணம் கேட்டபோது, ஆசாரியன் தம்மை அனுப்பியது பூத்தொண்டுக்கே என்று விண்ணப்பித்தார். மலையைவிட்டு நீங்கச் சொன்னால் யாது செய்வீர் என்று பெருமான் வினவ, தேவரீரும் இம்மலைக்கு வந்து குடியேறியவரே, முன்னே வந்தவர் பின்னே வந்தவர் என்னும் அளவே வேற்றுமை என்றாராம். கடப்பாரை வீசிய கையில் இருந்த ‘எனது’ என்பது இங்கு இல்லை. ஏவியவர் ஆசாரியன், ஏற்பவன் பெருமான், இடையே தொடுக்கும் விரல்கள் மட்டுமே அவருடையவை.

நந்தவனம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. கடையநல்லூரில் தறியில் அமர்வோரும், கருப்பாநதி நீரை எதிர்நோக்கி வயலில் நிற்போரும், பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்தோரும் உளர். தம் கடமையாகிய தொழிலாலேயே இறைவனை அருச்சித்துப் பேறு பெறலாம் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வழி திறந்து வைத்துள்ளது. நெய்பவர் பாவில் அறுந்த இழையை, பார்ப்பார் இல்லாதபோதும் முடிந்து நெய்தல், விளக்கேற்றி ஒரு திருநாமம் உரைத்து நாளைத் தொடங்குதல், கிடைத்ததில் ஒரு பங்கை அடியார்க்கு ஆக்குதல் ஆகிய இவை சிறியனவாகத் தோன்றலாம். மாலாகாரர் கொடுத்ததும் அன்று கடையில் தொடுத்து வைத்திருந்த பூவே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் புரட்டாசிப் பிரமோற்சவத்தில் திருமலைக்குச் செல்கின்றது. கருடசேவையன்று அதனை மலையப்பசுவாமி அணிந்தருள்கின்றார்.