பசை காயும் நேரம்

முகமூடிப் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பிள்ளைகள் களிமண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் உத்தரத்தைப் பார்க்கிறார்கள். அங்கே வாலி, சுக்ரீவன் முகமூடிகளுக்கு நடுவே பால்சா மரத்தில் செய்த சிறு விமானங்கள் தொங்குகின்றன. “ஐயா, இரண்டுக்கும் எப்படி நேரம் கிடைக்கிறது?” என்று கேட்காதவர்கள் இல்லை. ஆர்வத்தோடு கேட்பவர்களை ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வருவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

1. காயும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். காகித முகம் செய்வதில் கைவேலையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். களிமண்ணில் முகத்தைப் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுத்து, அச்சுக்குள் சோப்புக் கரைசல் தடவி, காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டுகிறோம். ஓர் அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஈரத்தின்மேல் ஈரம் ஏற்றினால் வெளியே காய்ந்தது போலிருக்கும், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். உச்சி வெயிலில் வைத்தால் ஒரு பக்கக் கன்னம் இழுத்துக்கொள்ளும். நிழலில், காற்றோட்டத்தில், அது தன் போக்கில் காய வேண்டும். அந்த இடைவெளிதான் விமானத்துக்கு. இறக்கையின் விலாக்களை ஒட்டிக் குண்டூசி குத்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், இப்போது முகம் அடுத்த அடுக்குக்குத் தயார். காய்வது இறக்கையின் முறை. இப்படி மாறி மாறிப் போகிற வரை இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. முகத்துக்கு உட்கார வேண்டிய நேரத்தில் விமானத்தைக் கையில் எடுத்தால் இரண்டும் கெடும். வேலைக்கு நடுவே இருக்கிற ஓய்வைத்தான் விமானத்துக்குக் கொடுக்கிறோம், வேலையை அல்ல.

2. காகிதத்தைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கிழித்த ஓரம் மெலிந்து அடுத்த துண்டோடு படிந்துவிடும். கத்தரித்த ஓரம் வண்ணத்துக்கு அடியிலும் கோடாகத் தெரியும். ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு பழுப்புத் தாள் என்று மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப்போனது என்பது கண்ணுக்கே தெரியும்.

3. பசையை அறிந்து பயன்படுத்துங்கள். மைதாப் பசை எளிது. புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சும் பசைக்கு விறைப்பு அதிகம்; பொறுமை உள்ளவர்கள் அதற்கே போகலாம். புத்தக பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். முகமூடிக்கு அது கூடவே கூடாது. இரவு முழுக்க ஒருவர் வியர்த்தபடி, வாய் திறந்து மூச்சு வாங்கியபடி அணியப் போகிற பொருள் இது. விஷம் கலக்காமல், நன்றாகக் காயவைத்து, உட்புறத்துக்கும் வார்னிஷ் கொடுத்துப் பூச்சியைத் தடுங்கள். விமானத்தில் கட்டைக்குக் கட்டை ஒட்ட வெள்ளைப் பசையே போதும். சூப்பர் க்ளூ நொடியில் பிடிக்கும் என்றாலும் அதிர்ச்சி தாங்காமல் உடையும். தெர்மோகோலில் பட்டால் அரித்துக் குழியாக்கிவிடும்.

4. எடைதான் இந்த இரண்டு வேலைக்கும் பொதுவான ஆசான். கட்டைக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் எடை குறைந்த கல்யாண முருங்கைக் கட்டையில் செய்யப்படுகின்றன. விடிய விடிய ஆடுகிறவரின் கழுத்தை நினைத்து நம் முன்னோர் தேர்ந்த மரம் அது. விமானத்துக்கு பால்சா. ஈக்வடாரிலிருந்து பெருமளவில் வரும் இந்த மரம் சராசரியாகக் கன மீட்டருக்கு 160 கிலோதான்; தேக்கு 600 கிலோவைத் தாண்டும். ஆனால் ஒரே கட்டில் வரும் இரண்டு பால்சாத் தகடுகள்கூட ஒரே எடையில் இருக்காது. ஒன்று பஞ்சு போலவும் மற்றொன்று இரண்டு மடங்கு கனமாகவும் இருக்கும். கடையில் எடுத்ததும் வெட்டத் தொடங்காமல் சிறு டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள். கனமானது இறக்கையின் நடுச்சட்டத்துக்கு, லேசானது வாலுக்கு. வால் நீளமாக இருப்பதால் அங்கே கூடும் ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் பல கிராம் ஈயம் ஏற்ற வேண்டிவரும்.

முகத்திலும் இதே கணக்குதான். சிங்க முகத்தின் மோவாய் முன்னுக்கு நீண்டிருக்கும். அங்கே ஓர் அடுக்கு கூடுதலாக ஒட்டினால் அணிபவரின் தலை இரவு முழுக்க முன்பக்கம் இழுபடும். பின்கழுத்து வலியோடு ஆடுகிறவரிடம் உக்கிரம் எப்படி வரும்? மோவாயை மெல்லியதாக்குங்கள், நெற்றியின் உட்புறம் ஸ்பாஞ்சு வையுங்கள். இரண்டு பொட்டுகளிலும் ஒவ்வொன்று, உச்சந்தலை மேலாக ஒன்று என மூன்று நாடாக்கள் வேண்டும். எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும். பருத்தி நாடாதான் நிற்கும். அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் பலம் வரும் என்று நம்பாதீர்கள். பலம் வளைவிலிருந்து வருகிறது. கன்ன எலும்பையும் புருவத்தையும் எடுப்பாக வளைத்திருந்தால் மெல்லிய காகிதமே தாங்கும். இறக்கைக்கு வளைந்த விலாக்களை வைப்பதிலும் பாதி நியாயம் இதுதான்.

5. கண் திறக்கும் நாளை வேறு எந்த வேலைக்கும் கொடுக்காதீர்கள். அன்று விமானத்தைத் தொடவே வேண்டாம். பெரிய முகங்களில் நாம் வரைந்த கருவிழி இருக்கும் இடமும் அணிபவரின் கண் இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. அவர் கீழ் இமைக்கு அடியிலுள்ள பிளவு வழியாகவோ, மூக்குத் துளை வழியாகவோ, திறந்த வாய் வழியாகவோ பார்ப்பார். ஆகவே அந்த முகத்தை அணியப்போகிறவரையே வரவழைத்து எதிரே உட்காரவையுங்கள். அவருடைய இரு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து முகத்தின் உட்புறம் குறியுங்கள். முதலில் குண்டூசித் துளை மட்டும் போட்டு, முகத்தைக் கட்டிவிட்டு, “என் கை தெரிகிறதா? தரையில் இந்தக் கோடு தெரிகிறதா?” என்று கேட்டுக் கேட்டுக் கீழ்நோக்கித் துளையை அகலப்படுத்துங்கள். நேரே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது முக்கியம். மேடை விளிம்பு கீழேதான் இருக்கிறது. பிறகு எழுந்து ஒரு படி இறங்கி ஏறச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே நில்லுங்கள். கால் தயங்கினால் துளை போதவில்லை என்று பொருள். கடைசியாகத் துளையின் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மங்கலான கறுப்பு பூசுங்கள். வெள்ளையாக விட்டால் மேடை விளக்கு அதில் பட்டு அவர் கண்ணையே கூசச் செய்யும்.

6. சுவரில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜப்பானின் நோ நாடக முகமூடிகள் ஹினோகி என்ற மரத்தில் செதுக்கப்படுபவை. சற்றே மேலே தூக்கினால் முகம் மலரும். கீழே சாய்த்தால் துயரம் படரும். ஒரே மரத்துண்டில் அந்த இரண்டும் இருப்பதற்குக் காரணம் செதுக்கியவர் விளக்கின் ஒளியையும் தலையின் சாய்வையும் நினைத்துச் செதுக்கியதுதான். மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் சரிடா என்ற ஊரில் சௌ ஆட்டத்துக்கு முகம் செய்கிறார்கள். அந்த ஆட்டக்காரர் துள்ளிச் சுழன்று விழும்போது பார்க்க வேண்டும், காகிதமும் மண்ணும் துணியும் சேர்ந்த அந்த முகத்துக்கு வருகிற உயிரை! நம் ஊர்க் கூத்தில் அரிதாரம்தான் அதிகம், முகமூடி குறைவு. அதனாலேயே வருகிற ஒரு முகம் அரங்கை அதிர வைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் கலந்த சிவப்பு எல்இடி விளக்கில் வேறு நிறமாகத் தெரியலாம். எந்த விளக்கில் ஆடுவார்கள் என்று கேட்டு அந்த விளக்கிலேயே வண்ணத்தைக் கலந்து பாருங்கள். ஒருவர் அணிந்து நடக்க, நீங்கள் கடைசி வரிசை தூரத்தில் நின்று பார்க்காத எந்த முகத்தையும் பட்டறையைவிட்டு அனுப்பாதீர்கள். காற்றில் விடாமல் உத்தரத்தில் தொங்கவிட்ட விமானமும் அரைகுறை வேலைதான்.

7. முகத்தைத் தரையில் குப்புறப் போடாதீர்கள். தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரில் பாகவத மேளாவுக்கு உரிய நரசிம்மர் முகத்துக்குப் பூஜை நடக்கிறது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் ‘பிரகலாத சரித்திரம்’ ஆடும்போது விரதம் இருந்தவரே அதை அணிகிறார். நாம் செய்வது அப்படி ஒரு பீடத்துக்கும் போகலாம், பள்ளி ஆண்டு விழாவுக்கும் போகலாம். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான்.

8. மாதத்தைப் பார்த்து வேலையைப் பிரியுங்கள். வடமாவட்டங்களில் பங்குனி தொடங்கித் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும். ஏரிகள் வற்றி, பறக்கவிட நல்ல தரை கிடைப்பதும் அப்போதுதான். மனம் இரண்டு பக்கமும் இழுக்கும். அந்த மாதங்களில் விடியற்காலை மட்டும் ஏரிக்குப் போங்கள். சூரியன் ஏறும் முன் காற்று அசையாமல் நிற்கும்; புது விமானத்தைச் சரிபார்க்க அதைவிட நல்ல வேளை இல்லை. வெயில் ஏறியதும் பட்டறைக்குத் திரும்பிவிடலாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் விமானம் பறக்காது, முறியும். ஆடியில் வீட்டில் உட்கார்ந்து உடைந்ததை ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதமும் காயாது, ஏரியிலும் தண்ணீர் நிற்கும். களிமண் வேலைக்கும் புது விமானத்துக்கு வரைபடம் போடுவதற்கும் உரிய காலம் அது.

9. ரிமோட்டில் தொடங்காதீர்கள். முதலில் கையால் எறியும் சக் கிளைடர். என்சிசி விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு அது பழக்கமாக இருக்கும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பாகத்துக்கும் மூன்றில் ஒரு பாகத்துக்கும் இடையே விரல் நுனிகளை வைத்துத் தூக்குங்கள். சமனாக நிற்க வேண்டும். அடுத்தது ரப்பரில் ஓடுவது. 1871இல் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரை வைத்தே ஒரு சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்தது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ரப்பருக்குச் சிலிக்கோன் எண்ணெய் தடவுங்கள். இழுத்துப் பிடித்து முறுக்கத் தொடங்கி, முறுக்கு ஏற ஏற விமானத்தை நோக்கி நெருங்கி வாருங்கள்.

மேலெழும் வெப்பக் காற்று எங்கே என்று காட்டுவதற்குப் பருந்து இருக்கிறது. அது இறக்கை அடிக்காமல் வட்டமிடும் இடத்துக்குக் கீழே எறியுங்கள். பருந்து இல்லாவிட்டால் எருக்கம் பஞ்சு ஒன்றை ஊதி விட்டுப் பாருங்கள். அது தாழாமல் உயர்ந்துகொண்டே போனால் அதுதான் தருணம். ஆனால் அப்படி ஏறிய விமானம் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். குறித்த நேரத்தில் வால் நிமிர்ந்து விமானத்தைக் கீழிறக்கும் டீதெர்மலைசர் பொருத்துங்கள். பழைய நூல்களில் அதற்குப் புகையும் திரி சொல்லியிருப்பார்கள். காய்ந்த புல் நிறைந்த ஏரியில் திரி வேண்டாம். சிறு டைமர் போதும்.

10. ரிமோட்டுக்குப் போகும்போது சட்டத்தையும் பேட்டரியையும் படியுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் 200 அடி உயரம் வரைதான். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். லிப்போ பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், சும்மா வைக்கும்போது 3.8 அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. பட்டறை நிறையக் காகிதமும் வார்னிஷும் இருப்பதால் சார்ஜரை அங்கே வைக்கவே கூடாது. சிமென்ட் தரையில், தனியாக, கண் பார்வையில் இருக்கட்டும்.

11. தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். காய்ந்த காகிதக்கூழைத் தேய்க்கும் தூசியும் பால்சாத் தூசியும் ஒரே நுரையீரலுக்குத்தான் போகின்றன. மூக்குக் கவசம் கட்டுங்கள். கடைசி மெருகுக்கு 400 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி எழாது. வண்ணம் பூசிய பிறகு மட்டுமே இப்படி, வெறும் காகிதத்தில் தண்ணீர் படக்கூடாது.

12. விமானத்தை விற்காதீர்கள். நன்றாகப் பறப்பதைப் பார்த்தவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். விரும்பினால் ஒரு குழந்தைக்குக் கொடுங்கள், கூட உட்கார்ந்து செய்யக் கற்றுக்கொடுங்கள். விலை வாங்கிவிட்டால் அதற்கும் கெடு வரும், பசை காயும் நேரத்திலும் கெடுவே உட்கார்ந்துகொள்ளும். முகத்துக்கோ நியாயமான விலை கேளுங்கள், வேலை தொடங்கும் முன் பாதியை முன்பணமாக வாங்குங்கள். கலை என்று சொல்லிக் காசு குறைப்பவர்களிடம் உங்கள் கூலியைத் தயங்காமல் சொல்லுங்கள். அந்த வருமானம்தான் பால்சாவையும் வாங்கித் தருகிறது.

13. எழுதி வையுங்கள். முகத்தின் உட்புறத்தில் அணிபவர் பெயர், செய்த மாதம், என்ன பசை, எத்தனை அடுக்கு. பழுது பார்க்க அது திரும்பி வரும்போது இந்த நாலு வரி பெரிய உதவி. விமானத்தின் இறக்கையில் உங்கள் கைபேசி எண். வயலில் போய் விழுந்த விமானத்தைக் கண்டெடுப்பவர்கள் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கவே நினைப்பார்கள். யாருடையது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஜெல் பேனா பனியில் கரையும். எண்ணெய் மார்க்கரால் எழுதி, அதன்மேல் ஒரு கை வார்னிஷ் பூசிவிடுங்கள்.